அம்மாவின் சேலைகள், மூன்று போர்வைகள்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழந்துணிப் போர்வை பற்றியவை. மார்கழிக் குளிர் இன்னும் விடவில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். முதல் கடிதத்துக்கு நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன். அதில் சொல்லியிருப்பது மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் அடிப்படை என்பதால், பொறுமையாகப் படித்துவிட்டுக் கீழே வாருங்கள்.

அக்கா, எங்கள் அம்மா போய் ஒரு வருஷம் ஆகிறது. அவர் கட்டிய நூல் சேலைகள் பதினொன்று இருந்தன. நாங்கள் மூன்று பெண்கள். ஆளுக்கொரு போர்வையாகத் தைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தோம். முதலில் நான் ஒன்று தைத்துப் பார்த்தேன். நான்கு சேலைகளை மடித்து உள்ளே வைத்து, மேலும் கீழும் புது பாப்ளின் துணி வைத்து, மெஷினில் நீளவாக்கில் நான்கு தையல் போட்டேன். அறுந்துவிடக் கூடாது என்று நைலான் நூல் வாங்கிப் போட்டேன். இரண்டாவது தடவை துவைத்தபோது உள்ளே இருந்த சேலைகள் தையல் ஓரமாகவே கிழிந்து, எல்லாம் ஒரு மூலையில் சுருண்டுவிட்டன. இன்னும் ஏழு சேலைகள்தான் மிச்சம். கை வைக்கவே பயமாக இருக்கிறது.
— வாசகி, தேனி

கண்ணு, முதலில் அந்தக் கிழிந்த போர்வையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதற்கு வேலை இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

நீங்கள் செய்த மூன்று காரியங்களும் போர்வை உறுதியாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் செய்தவை. புதுத்துணி உறுதி, நைலான் உறுதி, மெஷின் தையல் உறுதி. ஆனால் நைந்த சேலைக்குப் பக்கத்தில் இவ்வளவு உறுதியான பொருள்களை வைத்தால், அந்தச் சேலைதான் அடிபடும். பாப்ளினை நனைக்காமல் தைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முதல் துவையலில் ஆறடித் துணி இரண்டு அங்குலம் சுருங்கினால்கூட உள்ளே இருக்கும் பழஞ்சேலை சுருங்காது. அது என்றைக்கோ சுருங்கி முடிந்துவிட்டது. அதனால் உள்ளே துணி மிஞ்சிப்போய்ச் சுருள்கிறது. நைலான் நூல் அறுவதில்லை. அதனால் இழுப்பு வரும்போது துணியை அறுக்கிறது. நான்கே நான்கு தையல் என்றால் ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு சாணுக்கு மேல் இடைவெளி. ஈரத்தில் அத்தனை பாரமும் அந்த நான்கு கோடுகளில்தான் தொங்கும்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. தையல் கற்று மூன்றாவது வருஷமோ நான்காவது வருஷமோ, பக்கத்து வீட்டு அக்காவுக்கு அவருடைய மாமியார் சேலைகளில் ஒரு போர்வை தைத்துக் கொடுத்தேன். கடையில் கேட்டபோது ‘இதுதான் அறவே அறாது’ என்று ஒரு நூலைக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் அந்த அக்கா போர்வையைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார். பிளேடால் கீறியதுபோல் வரிசை வரிசையாகத் தையல் ஓரம் கிழிந்திருந்தது. நூல் மட்டும் புதுசாக, பளபளவென்று நின்றது. அந்தச் சேலைகளை நான் திரும்பக் கொடுக்க முடியாது. அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன்: துணியைவிட நூல் ஒரு படி மெலிந்ததாக இருக்கட்டும். நூல் அறுந்தால் பத்து நிமிஷத்தில் திரும்பத் தைத்துவிடலாம். வங்காளத்தில் கந்தா என்ற பழந்துணிப் போர்வை தைத்த பெண்கள் பழஞ்சேலையின் கரையிலிருந்தே நூலை உருவித் தைத்திருக்கிறார்கள். சிக்கனம் என்பது சரிதான், ஆனால் துணிக்கும் நூலுக்கும் வயசு ஒத்துப்போகிறது என்பதையும் பாருங்கள்.

இப்போது உங்கள் ஏழு சேலைகளுக்கு வருவோம்.

சாதாரணமாக ஒரு சேலை ஐந்தரை மீட்டர், அதாவது பதினெட்டு அடி. அதை மூன்றாகக் கிழித்தால் ஆறடித் துண்டு மூன்று கிடைக்கும். நீங்கள் மூன்று பேர். ஆறு சேலைகளை இப்படி மும்மூன்றாகக் கிழித்தால், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு சேலையிலிருந்தும் ஒரு துண்டு வரும். ஆறு அடுக்கு, ஆறடி நீளம், ஏறக்குறைய மூன்றே முக்கால் அடி அகலம். ஒருவர் போர்த்திக்கொள்ளச் சரியான அளவு. உங்களுக்குச் சிவப்புச் சேலை, தங்கைக்குப் பச்சைச் சேலை என்று பங்கு பிரிக்க வேண்டியதில்லை. முந்தானைத் துண்டை மட்டும் ஆளுக்கு இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆறு முந்தானை இருக்கிறது, கணக்குச் சரியாக வரும். அதில் ஒன்று மேலே, ஒன்று கீழே. ஏழாவது சேலை ஓரம் கட்டுவதற்கும் ஒட்டுப் போடுவதற்கும்.

கிழிப்பதற்கு முன் எல்லாச் சேலைகளையும் வெந்நீரில் ஊறவைத்துக் கஞ்சி முழுவதும் போகும்வரை அலசுங்கள். இந்த வேலையில் அவசரப்படாதீர்கள். கஞ்சி தங்கினால் பின்னால் பூச்சி தேடி வரும். காய்ந்த பிறகு ஒவ்வொரு சேலையையும் வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். இழை விலகிய இடம் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் விடும். அங்கே இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து வைத்துப் பாவு என்கிற நீளவாட்டு இழைப் பக்கம் ஒருமுறை, ஊடை என்கிற குறுக்கு இழைப் பக்கம் ஒருமுறை மெதுவாக இழுங்கள். ‘டர்’ என்று விட்டால் அந்த இடத்துக்கு உள்பக்கம் ஓர் ஒட்டு வேண்டும். நூல் சேலையில் முதலில் நைவது குதிகால் உரசும் கீழ்க்கரைப் பக்கம். அப்புறம் தோளில் பின் குத்திய இடம். கொசுவத்துக்குள் மடிந்திருந்த பகுதி எப்போதும் தெம்பாக இருக்கும்.

இதைத் தெரிந்துகொண்டால் அடுக்குவது எளிது. ஓர் அடுக்கில் கீழ்க்கரை இடப்பக்கம் வந்தால், அடுத்த அடுக்கில் வலப்பக்கம் வரும்படி திருப்பிப் போடுங்கள். ஆறு அடுக்கின் பலவீனமும் ஒரே ஓரத்தில் சேரக் கூடாது. எல்லாத் துண்டும் நீளவாக்கிலேயே இருக்கட்டும். ஒன்றை மட்டும் குறுக்கே போட்டால் அது வேறு மாதிரி இழுக்கும். விரல் அகலத்துக்கு மேல் உள்ள கரை, ஜரிகைக் கரை இரண்டையும் கிழித்து எடுத்துவிடுங்கள். ஜரிகை உள்ளே இருந்தால் ஊசியும் இறங்காது, உடம்பிலும் குத்தும். முந்தானைத் துண்டு இரண்டும் வெளியே, மற்றவற்றில் மிகவும் நைந்தவை நடுவே.

தரையில் விரித்து, ஒவ்வோர் அடுக்கையும் உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளித் தள்ளிச் சுருக்கம் எடுங்கள். நான்கு மூலையிலும் கனமாக ஏதாவது வையுங்கள். நான் அம்மிக் குழவியும் அரிசிப் படியும் வைப்பேன். பிறகு நடுவிலிருந்து ஆரம்பித்து, சாண் இடைவெளியில் பெரிய பெரிய ஓட்டுத்தையலாகப் போட்டு அடுக்குகளை நிறுத்துங்கள். இந்த ஓட்டைக் கடைசியில் பிரித்துவிடுவோம். பலரும் இந்த ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடிக்கப் பார்த்துத்தான் போர்வையைக் கோணலாக்கிவிடுகிறார்கள்.

தையல் கையால்தான். இரட்டை இழையாகப் பருத்தி நூல், நீளமான ஊசி, சாதாரண ஓட்டுத்தையல். ஒரு தையல் பச்சரிசி நீளம் இருந்தால் போதும். வரிசைக்கு வரிசை இரண்டு விரல் இடைவெளி. நூல் முனையில் முடிச்சுப் போட்டு இழுக்காதீர்கள்; நைந்த துணியில் முடிச்சு உருவிக்கொண்டு வெளியே வந்துவிடும். ஒரு விரல் நீளம் வாலை உள்ளே விட்டு, இரண்டு பின் தையல் போட்டு ஆரம்பியுங்கள், முடிக்கும்போதும் அப்படியே. வரிசை முடிந்ததும் துணியை ஒருமுறை நீவிவிட்டுப் பாருங்கள். தையல் சுருக்கினால் அப்போதே தளர்த்திவிட வேண்டும். இந்த அகலத்துக்கு முப்பது வரிசை வரும். நாளுக்கு இரண்டு வரிசை தைத்தால் பதினைந்து நாள். மூன்று பேரும் ஓர் ஊரில் கூடி உட்கார முடிந்தால் இன்னும் நல்லது.

அந்தக் கிழிந்த போர்வை இருக்கிறதே, பாப்ளினைப் பிரித்து எடுத்துவிட்டு உள்ளே இருக்கும் நான்கு சேலைகளில் கிழியாத இடங்களைக் கையகலம் கையகலமாக வெட்டுங்கள். உள்பக்க ஒட்டுகளெல்லாம் அதிலிருந்துதான் போட வேண்டும். அப்போது பதினொரு சேலையும் உள்ளே வந்துவிடும்.

கோத்தகிரியில் இருக்கிறோம். ஃபிளானல் வெட்டுத்துணிகளைச் சதுரமாக வெட்டி மூன்று மூன்றாக அடுக்கி, தையல் பிசிறு மேல்பக்கம் பஞ்சுபோல் தெரிகிற மாதிரிப் போர்வை தைக்கிறேன். ரேக் குவில்ட் என்கிறார்கள். நான்கு சதுரமும் சந்திக்கிற இடத்தில் ஊசி உடைந்துகொண்டே இருக்கிறது. இதுவரை எட்டு ஊசி போய்விட்டது. மெஷினில் கோளாறா?
— வாசகி, கோத்தகிரி

மெஷினில் கோளாறு இருக்காது. அந்தச் சந்திப்பில் எத்தனை அடுக்கு சேருகிறது என்று எண்ணிப் பாருங்கள். மூன்று துணியும் ஒரே அளவாக வெட்டி, பிசிறை ஒரே பக்கம் சாய்த்துத் தைத்தால், ஒரு வரிசையில் ஒன்பது அடுக்கு. இரண்டு வரிசையைச் சேர்க்கும்போது பதினெட்டு. வீட்டு மெஷின் அதைத் தாண்டாது.

வெளித்துணி இரண்டையும் எட்டு அங்குலச் சதுரமாக வெட்டுங்கள். நடுத்துணியை மட்டும் ஆறரை அங்குலமாக வெட்டி நடுவில் வைத்து, மூலைக்கு மூலை பெருக்கல் குறியாகத் தையல் போட்டு மூன்றையும் பிடித்துவிடுங்கள். அப்போது நடுத்துணி தையல் கோட்டுக்கே வராது. சதுரங்களை முதுகுக்கு முதுகு வைத்து அரை அங்குலம் விட்டுத் தைக்கும்போது பிசிறு மேலே நிற்கும். வரிசைகளைச் சேர்க்கும்போது அந்தப் பிசிறைப் புத்தகம்போல் இரண்டு பக்கமும் விரித்துவிட்டுத் தையுங்கள். பதினெட்டு இருந்த இடத்தில் எட்டு அடுக்குதான் இருக்கும். ஊசி 16 நம்பர் போடுங்கள், தையலை அங்குலத்துக்கு எட்டு என்று பெரிதாக்குங்கள். சந்திப்பு வரும்போது மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, கையால் சக்கரத்தைச் சுற்றியே தாண்டுங்கள். நான் 1979-இலிருந்து கால்மெஷினில் தைக்கிறேன், இன்றைக்கும் கனமான இடத்தைக் கையால்தான் தாண்டுகிறேன்.

அரை அங்குலத்தைக் குறைக்காதீர்கள். பார்வைக்குக் கால் அங்குலமே அழகாக இருக்கும், ஆனால் துவைக்கத் துவைக்கப் பிசிறு கரைந்து தையலையே தொட்டுவிடும். அதற்கப்புறம் சதுரம் சதுரமாகக் கழன்று வரும். எல்லாம் தைத்து முடித்த பிறகு, பிசிறைக் கால் அங்குலத்துக்கு ஒரு வெட்டாக வெட்டிக்கொண்டே போங்கள். கத்தரி முனை தையலுக்கு ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், தள்ளி நிற்க வேண்டும். தவறித் தையலில் பட்டால் உடனே அந்த இடத்தில் மேலே ஒரு தையல் ஓட்டிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள், பிறகு தேடினால் கண்ணுக்குச் சிக்காது. சுற்றோரத்துக்கு இரண்டு தையல். முதல் இரண்டு மூன்று துவையல் வாளியில் வைத்துக்கொள்ளுங்கள். கொட்டுகிற பஞ்சு வாஷிங் மெஷின் குழாயை அடைத்துவிடும்.

அகலவாக்கில் ஒன்பது, நீளவாக்கில் பன்னிரண்டு சதுரம் வைத்தால், தைத்த பிறகு ஏழடி நீளமும் ஐந்தேகால் அடி அகலமும் வரும். கோத்தகிரிக் குளிருக்கு இழுத்துச் சொருகிக்கொள்ளத் தாராளம்.

திருப்பூரில் பனியன் கட்டிங் வேஸ்ட் கிலோக் கணக்கில் கிடைக்கிறது. அதில் இந்தப் பிசிறு வைத்த போர்வை தைக்கலாமா?
— வாசகர், திருப்பூர்

பிசிறே வராது. பனியன் துணி பின்னல். வெட்டினால் ஓரம் சுருண்டுகொள்ளும், இழை பிரியாது. நெய்த துணியில்தான் பாவும் ஊடையும் பிரிந்து பஞ்சுபோல் நிற்கும். நடு அடுக்காக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், கதகதப்பு நன்றாக இருக்கும். நீளத் துண்டுகள் கிடைத்தால் மூன்று பிரியாகப் பின்னிக் கால்மிதி செய்வதற்கு அதைப்போல் வேறு துணி இல்லை.

பேரக்குழந்தை பிறக்கப் போகிறது. என் பழைய சேலைகளில் பிசிறு வைத்து அழகாக ஒரு போர்வை தைத்துக் கொடுக்க ஆசை.
— வாசகி, நாகர்கோவில்

ஆசை நல்ல ஆசை. ஆனால் பிசிறு வைக்காதீர்கள். அவிழ்ந்த இழை பிஞ்சு விரலிலோ கால்விரலிலோ சுற்றி இறுக்கிக்கொண்டால் ரத்த ஓட்டமே நின்றுவிடும், குழந்தையால் சொல்லவும் முடியாது. ஒரு வயது ஆகும்வரை தூங்கும் குழந்தைக்குப் போர்வை மேலே போடுவதையும் மருத்துவர்கள் வேண்டாம் என்கிறார்கள். முகத்தில் விழுந்தால் ஆபத்து. மூன்று அடுக்கு பழஞ்சேலையை ஓரம் மடித்து, மெல்லிய விரிப்பாகத் தைத்துக் கொடுங்கள். விழித்திருக்கும்போது தரையில் விரித்துக் கிடத்திக் கவிழ்ந்து பழக நன்றாக இருக்கும். பிசிறு வைத்தது மூன்றாவது பிறந்தநாளுக்கு இருக்கட்டும்.

நாங்கள் ஹூப்ளியில் குடியிருக்கிறோம். இங்கே பக்கத்தில் சித்தி இனப் பெண்கள் ஒட்டுத்துணியில் தைக்கும் போர்வைகளைப் பார்த்தேன். நம் சேலைப் போர்வையும் அதுவும் ஒன்றுதானா?
— வாசகி, ஹூப்ளி

உறவு உண்டு, ஆனால் தைக்கும் வழி வேறு. நீங்கள் பார்த்ததைக் கவண்டி என்பார்கள். எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பக்கம் வாழும் சித்திகள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். நான் மேலே நடுவிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னேன் இல்லையா? அவர்கள் நேர்மாறாக ஒரு மூலையில் ஆரம்பித்து, ஓரத்தைச் சுற்றிக்கொண்டே வந்து நடுவில் முடிக்கிறார்கள். அடியில் ஒரு பழைய சேலை. மேலே ஒட்டுத்துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்து, விளிம்பை மடித்து, ஒட்டுவதும் அடுக்கைப் பிடிப்பதும் ஒரே ஓட்டில் நடக்கிறது. தனியாக ஒட்டுத் தைத்து, பிறகு போர்வை தைப்பது என்ற இரட்டை வேலை கிடையாது.

நான்கு மூலையிலும் சிறு துணித்துண்டுகளை மடித்து அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது பூ. ஃபுலா என்கிறார்கள். அது இல்லாவிட்டால் போர்வை முடியாததாகத்தான் கணக்கு. மூலைதான் கைபட்டு முதலில் தேயும் இடம். அங்கே இத்தனை மடிப்பு இருப்பது எவ்வளவு நல்ல காரியம் என்று ஒரு தையல்காரியாக எனக்குத் தோன்றும். அடுத்த முறை பார்க்கும்போது ஒன்றை அவர்களிடமே விலை கொடுத்து வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். எத்தனை ஆயிரம் ஓட்டு அதில் இருக்கிறது என்று தைக்கிறவர்களுக்குத் தெரியும்.

சேலைப் போர்வையை எப்படித் துவைப்பது, எப்படி எடுத்து வைப்பது?
— வாசகி, கும்பகோணம்

முறுக்கிப் பிழியக் கூடாது. படியில் மடித்துப் போட்டு, தண்ணீர் வடியவிட்டு, உள்ளங்கையால் அழுத்துங்கள். ஒற்றைக் கயிற்றில் தொங்கவிட்டால் பாரமெல்லாம் அந்த ஒரு கோட்டில் இறங்கும்; இரண்டு கயிற்றில் அகலமாகப் போடுங்கள். நன்றாகக் காயாமல் மடிக்கவே மடிக்காதீர்கள், பூஞ்சைப் புள்ளி விழுந்தால் போகாது. பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வைக்காமல் பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள். மடிப்பையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் மடிந்த கோட்டிலேயே இற்றுப்போகும்.

பாட்டி தைத்த போர்வை நடுவில் இரண்டு இடத்தில் கிழிந்துவிட்டது. முழுவதும் பிரித்துப் புதிதாகத் தைக்கலாமா?
— வாசகி, காரைக்குடி

பிரிக்காதீர்கள். அத்தனை வருஷம் சேர்ந்தே கிடந்த அடுக்குகளைப் பிரித்தால் பாதி கையோடு வந்துவிடும். இப்போது நூல்தான் அந்தத் துணிகளைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

என் அம்மா தைத்த போர்வை என்னிடம் இருக்கிறது. மேலே கத்தரிப்பூ நிறச் சுங்குடி. மூன்று வருஷத்துக்கு முன் அதிலும் ஒரு கையகலம் கிழிந்தது. விரலால் விலக்கிப் பார்த்தேன். சுங்குடிக்குக் கீழே அப்பாவின் வேட்டி. அதற்குக் கீழே ஒரு பச்சை. சாயம் போய்ப் பாசி நிறத்தில் இருந்தது. ஓரத்தில் மடிப்பு வைத்த தழும்பு, அதற்குமேல் இரண்டு கொக்கித் துளை. நான் ஐந்தாம் வகுப்பில் போட்ட பள்ளிக்கூடப் பாவாடை. அதை அம்மா உள்ளே வைத்துத் தைத்தது எனக்குத் தெரியவே தெரியாது. அத்தனை வருஷம் அதைப் போர்த்திக்கொண்டு தூங்கியிருக்கிறேன்.

நான் செய்ததையே உங்களுக்கும் சொல்கிறேன். கிழிசலின் பிசிறை வெட்டாமல் உள்ளே படியவையுங்கள். கிழிசலைவிட நாலு விரல் பெரிதாக, நன்றாகத் துவைத்து நைந்த பருத்தித் துணி ஒன்றை மேலே வைத்து, விளிம்பை உள்ளே மடித்துச் சுற்றிலும் நெருக்கமாகத் தையுங்கள். பிறகு பாட்டியின் வரிசைகள் எந்தத் திசையில் போகின்றனவோ அதே திசையில், அவருடைய பழைய தையலுக்கு நடுநடுவே உங்கள் ஓட்டைப் போட்டுக்கொண்டு போங்கள். ஒட்டுக்கு வெளியேயும் நாலு விரல் தாண்டிப் போய் நிறுத்துங்கள், ஒட்டின் விளிம்பிலேயே நிறுத்தினால் அங்கே புதிதாகக் கிழியும். ஒட்டு வேறு நிறத்தில் இருந்தால் இருக்கட்டும். முன்பக்கம் நான் போட்ட ஒட்டு மஞ்சள். பச்சைப் பாவாடை தெரிகிற இடத்தில் மட்டும் ஒரு விரல் அகலம் மூடாமல் விட்டு, ஓரத்தைச் சுற்றிக் காஜாத் தையல் போட்டு வைத்திருக்கிறேன்.